ஆடுதின்னாப்பாளை

புளியரை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்,
எஸ் வளைவு ஏறுமுன் லாரிகள் மூச்சு வாங்குமிடத்தில்
எங்கள் எடைமேடை.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
சுவரில் ஒரு பல்லி.

வைக்கோல், எம்சாண்ட், தக்காளி,
கொல்லம் போகும் கோழி.
எல்லா வண்டி முகத்திலும் ஒரு பூதம்:
பிதுங்கின கண், தொங்கும் நாக்கு,
பம்பரில் ஆடும் எலுமிச்சை.
கம்பி ஏற்றிய லாரியின் வாலில் மட்டும்
கிழிசலாய் ஒரு சிவப்புத் துணி.
கிட்டே போனால் குத்தும்.
அது மெய் பேசுகிறது.

மழை விட்ட ராத்திரிகளில்
ஆரியங்காவுக் காடு தன் அந்துப்பூச்சிகளை
எங்கள் ட்யூப்லைட்டுக்கு அனுப்பிவைக்கும்.
நேற்று ஒன்று, உள்ளங்கை அகலம்,
காய்ந்த பலாயிலை போல ஒட்டியிருந்தது.
பல்லி அடிமேல் அடி வைத்தது.
ஒரு விரற்கடை இருக்கையில்
இலை பிளந்து இரண்டு கண் திறந்தது,
மஞ்சள் வளையம், நடுவில் கருமணி,
தூக்கம் கலைந்த ஆந்தையின் எரிச்சல்.
பல்லி வந்த வழியே பின்னால் நடந்தது.
எதையும் பார்க்கத் தெரியாத கண் அது.

வேலைக்குச் சேர்ந்த மாதம்
நானும் ஒரு கண் வரைந்துகொண்டேன்:
தென்காசியில் வாங்கிய நூல்கயிறு,
நானே அரைத்துப் பூசிய மஞ்சள்.
"வீட்டுக்காரர் எங்கே?" என்றால்
"சாவடியில் போலீஸ்" என்பேன்.
மூன்றாம் வாரம் ஒருத்தன்
சாவடியில் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து சிரித்தான்.

அப்புறம்தான் ஆணியில் தொங்கிய
பேச்சித்தாயின் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்தேன்.

எனக்கு முன் இந்தக் கூண்டில் இருந்தவள்.
ரசீது வாங்க நீண்ட கை
ரசீதைத் தாண்டி நீண்டபோது
இரும்பு ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து இறக்கினாளாம்.
நாலு தையல்.
முதலாளி மறுநாளே கணக்கை முடித்தார்.
கதை மட்டும் வேலையில் தொடர்கிறது,
புனலூர் வரைக்கும், அதற்கு அப்பாலும்.
முகம் யாருக்கும் நினைவில்லை.
சிவப்பு நினைவிருக்கிறது.
இப்போது பணம் தட்டில் விழுகிறது,
கை வெளியிலேயே நின்றுகொள்கிறது.

ஜல்லிக் குவியலோரம் படர்ந்து கிடக்கிறது
ஆடுதின்னாப்பாளை.
பெயரிலேயே பலகை மாட்டிய செடி.
அதைத் தின்று வளரும் புழு
கருஞ்சிவப்பில் உடம்பெல்லாம் சதைமுள்;
பிறகு சிறகு முளைத்து, கருப்பில் வெள்ளை, ஓரத்தில் சிவப்பு,
கல்யாண வீட்டுக்கு நேரமிருக்கிற மாதிரி பறக்கும்.
உள்ளே கசப்பு இருந்தால் என்ன அவசரம்?

துளசீதரன் சேட்டனின் டீக்கடைக் கறிவேப்பிலையில்
வேறொன்று பிறக்கிறது. கசப்பே கிடையாது.
அதே கருப்பு, அதே வெள்ளை, அதே சிவப்பு.
"ரண்டும் ஒண்ணு தன்னே" என்கிறார் சேட்டன்.
உடம்பைப் பார்க்க வேண்டும்.
அதற்குச் சிவப்பு உடம்பு, இதற்குக் கருப்பு.
கரிச்சான் குருவிக்கு அவ்வளவு பொறுமை ஏது?

ஒன்றை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை,
நானே கணக்குப் போட்டேன்:
எங்கோ ஒரு குருவி
நிஜமான ஒன்றைக் கடித்திருக்க வேண்டும்.
கறிவேப்பிலைக்காரி அந்தக் கடியில் குடியிருக்கிறாள்.

பேச்சித்தாய் இப்போது கொட்டாரக்கரையில்
முந்திரி உடைக்கிறாள்.
ஓட்டின் பால் தோலைத் தின்னும் என்று போனில் சொன்னாள்,
அந்தக் கொட்டைக்கும் தன்னைக் காக்கத் தெரிகிறது என்று.
சிரித்தாள். ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு
ஜல்லியின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது.
பின்சிறகில் முக்கோணமாய் ஒரு துண்டு இல்லை,
அலகின் அச்சு.
கடித்துத் துப்பியதா, கடிக்கும்போது நழுவியதா?
உடம்பின் நிறம் பார்க்கக் குனிந்தேன்.
ஹாரன் அடித்தான் வாழைக்குலை லாரிக்காரன்.

எட்டு டன் நானூற்று இருபது
என்று உரக்கச் சொன்னேன்,
ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டபடி.