அரைப் பேர்

பண்டாரவளை, வெலிமடை ரோடு,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பதினாலு கணினி. ஜன்னலுக்குக் கறுப்புத் தாள்.
என்ன வேலை என்று வீட்டில் கேட்டால்
"படம் பார்க்கிற வேலை" என்பேன்.
பொய் இல்லை.

ஆளில்லா விமானம் மலைக்கு மேலே பறந்து
சூட்டை மட்டும் படம் பிடித்து வரும்.
குளிர்ந்ததெல்லாம் கறுப்பு: தேயிலை, கல், கான்.
சூடானதெல்லாம் வெள்ளை:
ஆடு, அடுப்பு, இப்போதுதான் நின்ற லொறி, ஆள்.
வெள்ளை ஒவ்வொன்றையும் சுற்றி
நான் ஒரு பெட்டி வரைய வேண்டும்,
பெட்டிக்கு ஒரு பேர் போட வேண்டும்.
நாளைக்கு ஏதோ ஒரு போரில்
யாரும் சொல்லாமல் தானே பார்த்து
தானே முடிவெடுக்கப் பழகுகிறதாம் அது.
"குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி நினையுங்கள்"
என்றார் தனஞ்சன சேர், முதல் நாள், நல்ல தமிழில்.

படத்துக்கு மூன்று ரூபாய். கொந்தரப்பு.

முதலில் இயந்திரம் ஊகிக்கும், பிறகு நான் திருத்துவேன்.
நிமிர்ந்து நடப்பவர்: ஆள், தசம் ஒன்பது.
குனிந்து கொழுந்தெடுப்பவள்: தசம் ஆறு.
கூடை முதுகை மறைத்துவிட்டால் தசம் ஐந்து.
அரை ஆள்.
எனக்கு இது புதிதில்லை.
பதினெட்டுக் கிலோ நிறையாவிட்டால்
கணக்கப்பிள்ளை அம்மாவுக்கு அரைப் பேர்தான் போடுவார்.
மழைக்கு, காய்ச்சலுக்கு,
அட்டை கடித்து வீங்கிய காலுக்கு
எத்தனையோ அரைப் பேர்.
இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்பது
சம்பளச் சீட்டில் மட்டும் சரி.

மூன்றாம் கிழமை ஒரு படம்.
ஏழாம் நம்பர் மலை, நிரையில் ஒன்பது பெண்கள்.
ஒருத்தியின் வெள்ளைக்குக் குறுக்கே
கறுப்பாய், நீளமாய் ஒரு கோடு.
ஆயுதம், தசம் ஏழு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மட்டக்கம்பு அது.
வாதுக்கு மேலே கிடத்தி
அதற்கு மேல் துளிர்த்ததை மட்டும் கிள்ளுவதற்கு.
பட்டியலில் தேடினேன்:
ஆயுதம். ஆயுதமில்லை. ஐயம்.
கம்பு இல்லை.

ஒரு படத்தை மூன்று பேர் பார்ப்போம்.
மற்ற இருவர் எந்த ஊரோ, ஆயுதம் என்றார்கள்.
என் பெட்டி திரும்பி வந்தது.
திரும்பி வந்ததற்குக் காசில்லை.
தனஞ்சன சேர் கோபிக்கவில்லை.
படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.
"கம்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"
பிடித்திருக்கிற விதத்தில், என்றேன்.
"விதத்துக்கு எப்படிப் பெட்டி போடுவது?"
அவருக்கும் தெரியவில்லை.
தேத்தண்ணி வந்தது. குடித்தோம்.

ஞாயிறு, கைக்காசுக்கு நானும் மலைக்குப் போனேன்.
பத்தரைக்கு அந்தச் சத்தம்,
தேன்கூட்டை யாரோ தட்டிவிட்ட மாதிரி.
யாரும் நிமிரவில்லை.
நிமிர்ந்தால் கை நிற்கும், கை நின்றால் நிறை குறையும்.
சந்தனமேரி மச்சி மட்டக்கம்பை உயர்த்தி
அடுத்த செடிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.
"கம்பைக் கீழே போடு" என்றேன்.
"ஏன்டி, பாம்பா?"
என்ன சொல்வது.
அண்ணாந்து பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படம் எனக்கே வந்தது.
பத்து முதுகு, ஒரு முகம்.
முகம்கூட இல்லை, மற்றதைவிடச் சூடான ஒரு வட்டம்.
ஆள், தசம் ஒன்பது எட்டு.
நடத்தை வேறு. கவனிக்க.

அடேயப்பா, எனக்கு முழுப் பேர்.
பெட்டியின் நான்கு மூலையையும் இழுத்து
என்னைச் சுற்றிச் சரியாகப் பொருத்தினேன்.
மூன்று ரூபாய்.

இன்று ஹப்புத்தளைப் பக்கமிருந்து மூடுபனி ஏறுகிறது.
அடர்ந்தால் அதற்கும் கண் தெரியாது, விமானம் கிளம்பாது.
மச்சி கம்பை எப்படியும் பிடிக்கலாம்.
மேல்மாடியில் படமும் இருக்காது, காசும் இருக்காது.
கறுப்புத் தாளின் ஓரத்தை உரித்துப் பார்க்கிறேன்.
பனி ஏறட்டும் என்றா, கலையட்டும் என்றா?
பட்டியலில் மூன்றாவதை
அழுத்தத்தான் விரல் போகிறது.