அறுநூற்றி

வியாழக்கிழமை மல்லாவியில் கிளினிக்.
ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்தான்
வாங்கில் இடம்.
அடுக்கிய கொப்பிகளில் என்னுடையது எதுவென்று
தேடத் தேவையில்லை,
மீன் மணக்கும்.

"தவநிதி, கையை நீட்டுங்கோ. கதைக்காதேங்கோ."
பட்டி இறுகியது.
வவுனிக்குளத்து வலைக்குள் விரால் அடிப்பதுபோல்
முழங்கை மடிப்பில் ஏதோ அடித்து
ஓய்ந்தது.
நூற்று எழுபத்தெட்டு.

"உப்பைக் குறையுங்கோ. கருவாட்டைத் தொடவே வேண்டாம்."
மிஸ் என் விரல்களைப் பார்க்கவில்லை.
கிழமைக்கு அரை மூட்டை உப்பை
ஜப்பான் மீனின் வயிற்றுக்குள் அப்புகிற விரல்கள்.
மகனின் டியூசன் காசே அந்த உப்புத்தான்.
சொல்லவில்லை.
இதையும் சொல்லவில்லை:
உப்பில்லாக் கஞ்சி குடித்துக் கிடந்த மாதங்களில்
ஒருவரும் எங்களுக்குப்
பிறஷர் பார்க்கவில்லை.

குளிசை ஒரு மாதம் போட்டேன்.
தலை சுற்றவில்லை, கண் மங்கவில்லை,
பிறகேன் என்று
சீனிப் பேணிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.
நோகாத வருத்தத்தை
எவர் நம்புவார்?

ஞானசீலன் நம்பவேயில்லை.
மாங்குளத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து
என் கருவாட்டை நிறுக்கிற வியாபாரி.
"பிறஷரெல்லாம் கதிரையில இருக்கிற ஆக்களுக்கு" என்பான்,
பல்லிடுக்கில் சுருட்டு.
அன்றும் விலை பேசினோம்.
எழுநூறு என்றேன்.
"அறுநூற்றி" என்றான்.
காத்திருந்தேன்.
"அறுநூற்றி..."
பத்தோ இருபதோ, சொல்லுமன்!
வாயின் ஒரு பக்கம் மெல்லக் கீழே இறங்கியது.
விலை குறைக்கப் புது நடிப்பு என்று
பாவி, நான் சிரித்தேன்.

தராசு விழுந்த பிறகுதான் கத்தினேன்.

இப்போது நிறுக்க வருபவள் அவன் மனைவி.
ஒரு பேச்சில் விலை முடிந்துவிடும்.
எப்படி இருக்கிறார் என்று கேட்டால்
"ஓம் மட்டும் சொல்லுறார்" என்பாள்,
கேட்காத கேள்விக்கும் ஓம்.

சீனிப் பேணியை முன்னுக்கு இழுத்தேன்.
இரவுச் செய்தி தொடங்க ஒரு குளிசை.
கறிக்குப் பாதி உப்பு, மிச்சத்துக்குத் தேசிக்காய்.
மகன் முகத்தைச் சுளித்தான்,
மூன்றாம் கிழமை
சுளிக்க மறந்துபோனான்.
விடிய எழும்பிக் குளக்கட்டில் நடக்கிறேன்,
யானை நின்றால்
வந்ததைவிட வேகமாக நடக்கிறேன்.
அதுவும் கணக்கில் சேருமா என்று
மிஸ்ஸிடம் கேட்கவேண்டும்.

போன வியாழன் நூற்று முப்பத்தெட்டு.
"இன்னும் ஒரு எட்டுக் குறைச்சுத் தாங்கோ மிஸ்."
வாய் தவறி விலை பேசிவிட்டேன்.
வாங்கு முழுக்கச் சிரிப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில்
நெரிசலுக்குள் கம்பியைப் பிடித்தபடி
அந்த எண்ணை முடித்துப் பார்க்கிறேன்.
அறுநூற்றிப் பத்து.
அறுநூற்றி முப்பது.
அறுநூற்றி ஒன்று என்றிருந்தாலும்
ஓம் என்றிருப்பேன், ஞானசீலன்.