மான் தின்ற மஞ்சள் தாள்

நாற்பத்தொரு வேலை. ஆறு கிழமை. நாங்கள் நாலு பேர்.
உட்துறைமுக வீதியில் மேல்மாடி அறை,
கீழே பேக்கரி. மூன்று மணிக்குப் பாண் வேகும் மணம் ஏறிவந்து
கூட்டத்தைக் குழப்பும்.

படகு கரை தட்டுமுன் மீன் விலை சொல்லும் செயலி எங்களுடையது.
எதை முதலில் செய்வதென்று தீர்மானிக்க
எந்த முறை சரியென்று தீர்மானிப்பதிலேயே
இரண்டு நாள் போயிற்று.

துவாரகன் ரைஸ் என்றான்.
எத்தனை பேருக்கு, எவ்வளவு பயன், எவ்வளவு நிச்சயம்,
பெருக்கி, உழைப்பால் வகு.
நிச்சயம் எண்பது வீதம் என்று எழுதினான்.
எண்பது எங்கிருந்து வந்தது?
"ஐம்பது போட்டா என்ர வேலை கீழ போயிடும் அக்கா."

ஹஸ்பியா மொஸ்கோ என்றாள்.
கட்டாயம், வேணும், இருந்தால் நல்லம், இப்ப வேண்டாம்.
அரை மணியில் முப்பத்தாறு கட்டாயம்.
காகம் நாலு,
பொன்குஞ்சு முப்பத்தாறு.

கரண்ட் போனது.
தாள்களை உரித்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கி
சீமெந்துக் கட்டில் ஒட்டினோம்.
சமிந்து ரோல்ஸ் வாங்கப் போய் வருவதற்குள்
ஒரு புள்ளிமான் வந்தது
(இந்த ஊரில் அது செய்தியில்லை,
பஸ் தரிப்பிலும் நிற்கும்)
ஒரு தாளை இழுத்து, எங்களைப் பார்த்தபடியே மென்றது.

எண்ணினோம். நாற்பது.
போனது எது?
ஒருவருக்கும் வரவில்லை.
"ஞாபகமில்லாதது தேவையில்லாதது,
இதுதான் முறை, மான் முறை" என்றான் துவாரகன்.
சிரித்தோம். நானும்தான்.
ரோல்ஸ் முடிய, ரைஸ் என்று முடிவாயிற்று.

இரவு கோப்பை கழுவிய கையோடு
போனைத் தொட்டேன். அசையவில்லை.
துடைக்காமல் இன்னொருதரம். அசையவில்லை.

சல்லி. பவளராணி. மீன் வெட்டிக் கொடுப்பவர்.
"ஈரக் கைக்கு உங்கட பட்டன் கேக்குதில்லை பிள்ளை,
சீலையில துடைச்சுத் துடைச்சு
விலை மாறிப்போகுது."
ஒரே ஒரு தடவை சொன்னார். நான்தான் எழுதினேன்.
எத்தனை பேருக்கு என்ற இடத்தில்
ஒன்று என்று போட்டதும் நான்தான்.

அந்தக் கரையில் கை காய்ந்தவர் எத்தனை பேர்
என்றொரு கட்டம் எங்கள் அட்டவணையில் இல்லை.

புதுத் தாள் எடுத்து எழுதினேன்.
பயன்: தெரியாது.
நிச்சயம்: தெரியாது.
சல்லிக்கு முதல் பஸ் ஐந்தே முக்கால்.