கூடப் பிறந்தது

முதல் குத்திக்காசு விழுந்தது கல்லாற்றுப் பாலத்தில்.
கல்முனையில் ஏறிய மனிசனுக்கு மிச்சம், ஐந்து ரூபாய்.
அடுத்தது களுவாஞ்சிக்குடிச் சந்தியில்.
ஆரையம்பதியில் ஒரு பள்ளிப்பிள்ளைக்கு நீட்டப்போய்
மூன்றும் ஒருமிக்க.
அவளே குனிந்து பொறுக்கி
என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு
தனக்குரியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

கை மரத்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.
மரக்கவில்லை.
காசின் விளிம்புச் சொரசொரப்பு,
மீன்காரரின் நோட்டில் ஊறிய உப்பு ஈரம்,
எல்லாம் விரலுக்குத் தெரிந்தது.
தெரியும். பிடிக்க ஏலாது.

"காலையிலேயே போட்டிட்டானோ?" என்று
முதலாளி ட்ரைவரிடம் கேட்டிருக்கிறார்.
மஹ்றூப் நானா என் வாயை மணந்து பாராமலே
இல்லை என்றிருக்கிறார்.
அதற்காக அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கினேன்.
கிளாசை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன்,
கோயிலில் செம்பு கொடுப்பதுபோல.

சட்டைத் தெறிகளைத் தவமலர் பூட்டினாள்.
பரிசாரியார் உளுக்கு என்றார்.
மூன்று போத்தல் எண்ணெய்க்கு உளுக்கு.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்
நரம்பு பார்க்கும் டொக்டர், சின்னப் பிள்ளை, சொன்னாள்:
பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து
ஒரு பூச்சியம் காட்டுங்க.
அவளுடைய பூச்சியம் காசைப்போல வட்டம்.
என்னுடையது நசுங்கிய கீரிமீன்.
விரல்நுனிகள் மடியவில்லை,
வெறிகாரர் இருவர்
ஒருவரிலொருவர் சாய்ந்து நிற்பதுபோல.
இருபத்திரண்டு வருஷம் காசெண்ணிய கை
பூச்சியத்தில் தோற்றது.

ஊசி ஏற்றி மெஷினில் ஒலி கேட்டார்கள்.
மற்றத் தசைகள் மாரிக்கடலாய் இரைந்தன.
பெருவிரலின் தசையில் மட்டும்
தகரத்தில் விழும் தூறல். ஒன்று. பிறகு ஒன்று.

பழைய துண்டொன்றின் முதுகில் அவள் கீறினாள்:
இது நரம்பு, இப்படி இறங்கிப் போகும்.
இது, சில ஆக்களுக்கு மட்டும்,
பிறக்கும்போதே கூட வந்த ஒரு சின்னத் தசை.
அதன் நாருக்குக் கீழால்தான் உங்கட நரம்பு போகுது.
கம்பியைப் பிடிச்சே நிண்ட கை.
தசை தடிச்சிருக்கும். இப்ப நரம்பை இறுக்குது.

எனக்கு ஏதோ குறைந்துவிட்டது என்று இருந்தேன்.
கூடிவிட்டது என்கிறாள்.

வார்ட்டில் தந்த படிவத்தில்
கூடப் பிறந்தவர்கள் என்று ஒரு கட்டம்.
ஒருவருமில்லை என்று
இடக்கையால் கோணல்மாணலாய் எழுதியிருந்தேன்.
ஒற்றைப்பிள்ளை. உண்மைதானே.
ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை.
முழங்கைக்குக் கீழே தடவித் தடவிப் பார்த்தேன்.
யாரடா நீ?
என் சோற்றைத் தின்று, என் கம்பியில் தொங்கி,
நாற்பத்திமூன்று வருஷம்
ரிக்கற் எடுக்காமல் வந்தவனே.
அடுத்த ஹோல்ட்டில் இறக்கிவிடுவதுதான் முறை.
எத்தனை பேரை இறக்கியிருக்கிறேன்,
மழையிலும்கூட.

வெட்டும்போதுதான் கை மரத்தது.
மரத்த கை எனக்குப் புதினமாக இருந்தது.
விழித்ததும் கேட்டேன்: அதை என்ன செய்தீங்க?
நாரை அறுத்து விட்டிருக்கு, என்றாள்.
மிச்சம் உள்ளுக்குத்தான் கிடக்கும்.
பாவம் செய்யாது.

நரம்பு நாளொன்றுக்கு
ஒரு மில்லிமீற்றர் வளருமாம்.
எங்கள் பஸ் ஒரு நடைக்கு நாற்பது கிலோமீற்றர்,
நாளுக்கு மூன்று நடை.
அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.
முன்சீட்டில் இருந்து இடக்கையால் காசு வாங்குகிறேன்.
முதலாளி பாதிச் சம்பளம் தருகிறார்,
முகம் பாராமல்.

இன்றைக்குப் பின்னேரம், கல்லடிப் பாலமேறும்போது,
மடியில் கிடந்த பெருவிரலின் நுனி
ஒரு நெல்லளவு குனிந்தது.
திரும்பவும் சொல்லிப் பார்த்தேன். குனியவில்லை.
பிறகு, நான் சொல்லாமலே, குனிந்தது.
யார் குனிந்தது என்று எனக்குத் தெரியாது.

மஹ்றூப் நானாவிடம் சொல்லவில்லை.
பின்னால் யாரோ மணியடித்தார்கள்.
இறக்கம், என்று கத்தினேன்.