பதினான்காம் கட்டம்

வேலூர்ப் பேருந்தில்
சீட்டில் அச்சாகியிருந்தது ஊரின் பெயர்.
நடத்துநர் அதைச் சொல்லவேயில்லை.
"பாலம்லாம் எறங்கு" என்றார்,
பாதி வண்டி எழுந்தது.
நானும் எழுந்தேன்,
நாடா, சுத்தியல், சிவப்புப் பெயின்ட் டப்பா,
துறை முத்திரை விழுந்த கோப்போடு.

டீக்கடை தஸ்தகீர் கேட்டார்:
"போன வாரம் ஒரு கல்யாண ஜோடி
பாலத்து மேல படுத்து போட்டோ எடுத்துச்சு.
நீங்களும் போட்டோவா?"
"இல்ல, அளவு."
"அளவா" என்றவர்
என் டீயில் சர்க்கரையைக் குறைத்தார்.

பத்தொன்பது வளைவுகள்.
கருங்கல், சுண்ணாம்பு,
கல்லெங்கும் உளியின் அம்மைத் தழும்பு.
தட்டினால் நல்ல கல் வெண்கலமாய்ப் பேசும்,
சீக்குக் கல் தகரமாய்.
மூன்றாம் வளைவில் ஓர் அரசங்கன்று
விரிசலுக்குள் கையை விட்டு
எதையோ துழாவிக்கொண்டிருந்தது.
ஏழாம் தூணில் கரியால் மூன்று கோடு, ஸ்டம்ப்.
அதற்கு இரண்டாள் உயரத்துக்கு மேலே
கல்லில் வெட்டிய பழைய வெள்ளக் குறி.
பந்து வீச வந்த பையனிடம் காட்டினேன்.
"சிக்ஸர் அங்க பட்டா அவுட்டு சார்" என்றான்.

சில வருடம் முன்பு ஒரு கார்த்திகையில்
பாலாறு வந்ததாம், நாலே நாள்.
விலாசம் மறந்தவன் வீடு தேடி வந்ததுபோல் வந்து,
இரண்டு எருமை, ஒரு மின்கம்பம், சுடுகாட்டுக் கூரை
எடுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

கோப்பில் 1961: படுகையிலிருந்து வளைவின் உச்சி
பதினெட்டு அடி.
1988: இருபத்தொன்று.
இன்று, என் கையால்,
இருபத்தேழு அடி நாலு அங்குலம்.
மறுபடி பிடிக்கச் சொன்னேன்.
கீழ்முனையைப் பிடித்திருந்த முனிரத்தினம்
அண்ணாந்து சிரித்தான்:
"கெழவன் வளர்றான் சார்."

வளரவில்லை.
மணல்தான் இறங்கிப் போயிருக்கிறது,
லாரி லாரியாய், பெரும்பாலும் ராத்திரியில்.
அதில் ஒரு நடை
நான் தினம் ஏறும் மாடிப்படியாகவும் இருக்கலாம்.
யாரும் பார்க்கப்போவதில்லை என்று
கட்டியவன் செதுக்காமல் விட்ட அடிக்கற்கள்
வெளியே நின்றன,
வேட்டி விலகியது தெரியாமல் தூங்குபவனின்
முழங்கால் போல.
எண் எழுதத் தூரிகையை எடுத்தவன்
கொஞ்சம் மேலே தள்ளி எழுதினேன்.

படிவத்தில் பதினான்காம் கட்டம்: நீரின் ஆழம்.
முன்னால் வந்தவர்கள் வரிசையாய் எழுதியிருந்தார்கள்:
இல்லை. இல்லை. கணுக்கால். இல்லை.
நானும் பேனாவைத் திறந்தேன்.

பன்னிரண்டாம் வளைவின் நிழலில்
ஒரு பெண் குந்தியிருந்தார்.
கொட்டாங்கச்சியால் மணலைத் தோண்டினார்,
முழங்கை மறையும்வரை. இன்னும் கொஞ்சம்.
பிறகு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்,
அடுப்பில் பால் பொங்கக் காத்திருப்பதுபோல.
குழியின் அடி கறுத்தது.
வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது.
அப்புறம் மினுங்கியது.

பெயர் ஷம்ஷாத். கேட்காமலே சொன்னார்,
கோப்பைப் பார்த்ததும் மனு என்று நினைத்திருப்பார்.
"தோல் ஷாப் தண்ணி ஊறி வராதா?"
"அது அந்தக் கரை. இங்க ருசி பாருங்க."
முதல் கச்சியை மணலிலேயே ஊற்றிவிட்டு
இரண்டாவதை நீட்டினார்.
லேசான உப்பு. இரும்பு வாடை.
பல்லில் இரண்டு மணல்.
அப்படியொரு குளிர்ச்சி.

"சித்திரையில ரெண்டு முழம் தோண்டணும்.
இப்ப மாசிதானே, ஒண்ணு போதும்."

நாடாவைக் குழிக்குள் விட்டேன்.
ஈரம் தொட்ட இடம்: ஒன்றே முக்கால் அடி.
பதினான்காம் கட்டத்தில்
கழித்தல் குறி போட்டு எழுதினேன்.
மேலே ஒருவர் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார்.
விளக்கம் கேட்பார்.

"இடிக்கப் போறாங்களா?"
திரும்பும்போது தஸ்தகீர் கேட்டார்.
ரெண்டு வளைவுக்கு மருந்து வைத்தால் நிற்கும் என்றேன்.
நம்பினாரா தெரியவில்லை,
காசு வாங்கிக்கொண்டார்.

ஆறு மணி வண்டி.
பாலத்தில் ஏறியதும்
முன் இருக்கைப் பெரியவர் செருப்பைக் கழற்றினார்,
கன்னத்தில் போட்டுக்கொண்டார்,
ஜன்னல் வழியே ஒரு ரூபாயை எறிந்தார்.
இருபத்தேழு அடி நாலு அங்குலம்.
காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்,
பத்தொன்பதாம் வளைவு தாண்டும்வரை.