பத்தொன்பது கோடுகள்

நொய்டா மோட் சாலையோர நர்சரியில்
எழுபது சொல்லி ஐம்பதுக்குத் தந்தான் ஜேட் செடியை.
எப்போது தண்ணீர் விடணும் என்றேன்.
மறந்து போங்க,
மறந்ததே ஞாபகம் வந்தால்
அன்றைக்குக் கொஞ்சம் விடுங்க என்றான் இந்தியில்.
எனக்கு வசதியான செடி.

மயூர் விஹார் மூன்றாம் பேஸில்
மோட்டார் ஓடுவது காலை ஐந்தேகாலுக்கு.
மே மாதம் அதுவும் இல்லை, டாங்கர்தான்.
வாளி, குடம், பெயின்ட் டப்பா,
ஒருமுறை பிரஷர் குக்கர்கூட
வரிசையில் நின்றிருக்கிறது.
எங்கள் கட்டடத்தில் வரிசைக்கு வராத ஒரே உயிர்
என் சமையலறை ஜன்னலில்,
கன்னம் உப்பிய இலைகளோடு,
உள்ளேயே தொட்டி கட்டிக்கொண்டு
குடித்தனம் நடத்தியது.

அக்கா பிரசவத்துக்குத் திருச்சி போனேன்.
சாவியை மாடி வீட்டு ராவத்திடம் கொடுத்தது
கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க.
செடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ஒன்றும் செய்யாதீர்கள் என்பதை
எப்படி ஒரு வேலையாகக் கொடுப்பது?

திரும்பிய இரவு
சிலிண்டர் இருந்தது, கழுத்தில் ரசீது.
பால் பூத் காலண்டரில்
ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலில் ஒரு கோடு.
எண்ணினேன். பத்தொன்பது.
ஜன்னலடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர்,
அடியில் இந்தியில் பொறித்த பெயர்.

தொட்டேன்.
இலை கையோடு வந்தது.
அடுத்ததும்.
வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குக் குடித்திருந்தன.
தண்டு, அழுகிய வாழைப்பழம்.

டாங்கர் நாளில் அவர் பங்கு இரண்டு வாளி.
மெட்ரோ ஸ்டேஷனில் இரவுக்காவல் முடிந்து
பித்தான் கழற்றாத சட்டையோடு
அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு
ஒரு மாடி இறங்கி வந்திருக்கிறார்
பத்தொன்பது தரம்.
என் வீட்டில் இத்தனை ஒழுங்காக
எதுவும் நடந்ததில்லை.

கெட்டியாக மிஞ்சியவை நான்கு இலைகள்.
செய்தித்தாளில் பரப்பி
பிரிட்ஜ் மேல் வைத்தேன்.
கிள்ளிய வாய் காயும்வரை
மண்ணைக் காட்டக்கூடாது.
ஒன்று சுருங்கிச் செத்தது.
ஒன்றைப் பல்லி தள்ளிவிட்டு, நான் மிதித்தேன்.
இருபது நாள் கழித்து மூன்றாவதில்
இளஞ்சிவப்பாய் ஒரு நூல்,
பிறகு ஒரு நூல்.

ராவத் எட்டிப் பார்த்தார்.
தொட்டி நிறைய மணல்,
மணலில் நகமளவு பச்சை.
‘இளைச்சுப் போச்சே’ என்றார்.
‘நான் பார்த்துக்கிட்டப்போ நல்லா குண்டா இருந்தது.’
ஆமாம் என்றேன்.
என் குடம், வாளி எல்லாவற்றையும்
சந்தேகத்தோடு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
மாடி ஏறிப் போனார்.

ஆகஸ்டில் பெயர்சூட்டுக்கு மறுபடி போக வேண்டும்.
சாவி அவரிடம்தான், வேறு யார் இருக்கிறார்கள்.
அந்த டம்ளரை மட்டும்
இன்னும் நான் திருப்பித் தரவில்லை.