ஒன்றரை வரி இடம்

படிவத்தில் ஒரே கேள்வி:
வலிப்பு நோயாளிகளுக்குக் காணொளி சிகிச்சை
தொடரலாமா, வேண்டாமா.
காரணம் எழுத ஒன்றரை வரி இடம்.

வேண்டாம் என்பதில் டிக் அடித்தேன்.
காரணம்: முழுமையான பரிசோதனை இயலவில்லை.
பொய்யில்லை.
நேர்கோட்டில் நடக்கவிட்டுப் பார்க்க முடியாது,
மாத்திரையில் ஈறு தடித்திருக்கிறதா என
டார்ச் அடித்துப் பார்க்க முடியாது,
எல்லாம் சரிதான்.
ஒன்றரை வரிக்குள் அடங்காதது
சோனாங்குப்பத்து மின்விசிறி.

அந்த வியாழக்கிழமை அஞ்சலாட்சி
போனை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்திருந்தாள்.
"மாத்திர ஒழுங்கா போடறேன் டாக்டர்,
போன மாசம் ஒண்ணுமே வர்ல, இந்த மாசமும்..."
அதோடு நின்றாள்.
கண் என்னைத் தாண்டி எங்கோ.

நெட்வொர்க் என்று நினைத்தேன்.
எழுத வெட்கப்படுவது இதைத்தான்:
பதினெட்டு வருட நரம்பியல்
உறைந்த ஒரு முகத்தைப் பார்த்து
"சிக்னல் இல்லீங்களா?" என்று கேட்டது.

பிறகு போன் மல்லாந்து விழுந்தது.
தகரக் கூரை, பச்சை வயர்,
ஓர் இறக்கை வளைந்த மின்விசிறி.
அது மட்டும் அத்தனை துல்லியம்.
தரையில் கண்ணாடி வளையல்
தட்டு, தட்டு, தட்டு.
யாரோ ஓடிவர, சாவிக்கொத்து கிலுங்கியது.
"கையில இரும்பு வை, இரும்பு வை!"

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க,
வாயில எதுவும் திணிக்காதீங்க!"
புதுச்சேரியில் ஏசி அறையில்
எழுந்து நின்று கத்தினேன்.
அங்கே கேட்டதா, இன்றுவரை தெரியாது.
கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.
மூன்று நிமிடம் பத்து விநாடி.
அப்புறம் யாரோ அணைத்தார்கள்,
அடுப்பை அணைப்பது போல.

இனி நேரில் வரட்டும் என்று சொல்லியனுப்பினேன்.

வந்தாள்.
ஓ.டி.யிலிருந்து ஒரு பஸ்,
திருப்பாதிரிப்புலியூரில் மாறி இன்னொன்று.
இடது புருவத்தில் புதுக் காயம், கைக்குட்டையில் ரத்தம்.
"கன்னியக்கோயில் தாண்டி பஸ்ஸுலயே வந்துடுச்சு டாக்டர்,
கண்டக்டர் எறக்கி வுட்டுட்டான்"
என்றான் தேசிங்கு.
"போன்லயே பாத்திருக்கலாம்ல."
அன்றைக்குக் கடலுக்குப் போயிருக்க வேண்டியவன்.

பதில் சொல்லாமல்
ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு கீழ்த்தளத்துக்கு அனுப்பினேன்.
அவசரமில்லாத சீட்டு, நீளமான வரிசை.

கதவு மூடியதும் சொன்னாள்:
"நாப்பத்தஞ்சு நாளாவுது."

அவள் விழுங்கிக்கொண்டிருந்தது வால்ப்ரோயேட்.
கருவுக்கு ஆகாது.
சட்டென்று நிறுத்தினால் தாய்க்கும் ஆகாது.
"ஏம்மா, மூணு தடவ போன்ல பேசினோமே?"
"அவரோட அக்கா பக்கத்துலயே நிக்குமே டாக்டர்.
தங்குச்சின்னா சொல்லலாம். இல்ல தங்கலன்னா?"

மருந்து மாற்றும் அட்டவணையைத்
தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன்:
இது குறையும், அது கூடும், காலை, ராத்திரி.
ஃபோலிக் ஆசிட்டை மறக்கவே கூடாது.
இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
நான் அவளைப் பார்த்தாக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பஸ்.

அவளே கேட்டாள்:
"நடுவுல ஒரு தடவ போன்ல பேசலாமா டாக்டர்?
வூட்ல வேணாம்.
கடற்கரைப் பக்கம் போயி தனியா நின்னு பேசறேன்,
அப்ப எல்லாம் சொல்லுவேன்."

"தண்ணிகிட்ட தனியா நிக்காதம்மா."
வாய் தானாகச் சொன்னது.
எட்டு வருடமாய் அவளுக்குச் சொல்லும் அதே வாக்கியம்.
கிணறு, அடுப்பு, அலை, தாழ்ப்பாள்,
எதனோடும் தனியாக இருக்காதே.

தனியாக இருந்தால்தான் பேசுவாள்.

தேசிங்கு சீட்டோடு வந்துவிட்டான்.
சட்டென்று அவள்
புருவக் காயத்தைப் பற்றி ஏதோ கேட்டாள்.
தையல் வேண்டாம், பிளாஸ்திரி போதும் என்றேன்.

படிவத்தை அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
டிக் இன்னும் வேண்டாமில்தான் இருக்கிறது.
காரணத்தை மட்டும் அடித்துவிட்டேன்.
அடித்த பிறகு
ஒன்றரை வரியும் இல்லை,
ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை.